அரசர் உடம்பைப் பிடித்துவிட்ட பாட்னாக்காரர்

வேப்பம்பட்டு ரயிலடிக் கடைகளில் ஷாம்பு பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. தலைக்குத் தேய்த்துக் குளிக்க எல்லோரும் வாங்கிப் போகிறார்கள்.

200 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஷாம்பு என்றால் பொருளே வேறு! உடம்பைப் பிடித்துவிடுவதற்குத்தான் அந்தப் பெயர். அழுத்து, பிடித்துவிடு என்று பொருள்படும் சாம்போ என்ற இந்திச் சொல் ஆங்கிலத்தில் ஷாம்பு ஆயிற்று.

அந்தக் கலையை இங்கிலாந்தில் பிரபலமாக்கியவர் ஓர் இந்தியர். அவர்தான் ஷேக் தீன் முகமது.

பட்டாளத்துப் பையன்

தீன் முகமது 1759-ம் ஆண்டில் பாட்னாவில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் சண்டையில் மாண்டார். அப்போது மகனுக்குச் சுமார் 10 வயது. பேக்கர் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் நிழலில் பையனும் பட்டாளத்தில் வளர்ந்தார்.

1784-ல் பேக்கருடன் கப்பல் ஏறி, அயர்லாந்தில் உள்ள கார்க் நகருக்குப் போனார். அங்கே ஆங்கிலம் கற்றார். ஜேன் டேலி என்ற பெண்ணை மணந்தார்.

1794-ல் தமது பயண அனுபவங்களை ஆங்கிலத்தில் புத்தகமாக வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் புத்தகம் அதுதான். தாம் பிறந்த ஆண்டு 1759 என்று அதில் எழுதினார். இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்!

ஓட்டலில் நஷ்டம்

பிறகு லண்டனுக்குக் குடியேறினார். அங்கே பாசில் காக்ரேன் என்ற செல்வந்தரிடம் வேலை பார்த்தார். காக்ரேன் நம் சென்னையில் பெரும் பொருள் சேர்த்தவர். இன்றைய பக்கிங்காம் கால்வாயின் முதல் பகுதி, சென்னையிலிருந்து எண்ணூர் வரை, அவர் பணத்தில் வெட்டப்பட்டதுதான். லண்டனில் தம் வீட்டிலேயே அவர் ஒரு நீராவிக் குளியலறை அமைத்திருந்தார்.

1810-ல் தீன் முகமது லண்டனில் ஓர் இந்திய ஓட்டல் திறந்தார். இரண்டே ஆண்டில் திவாலானார். வீட்டு வேலைக்கு வரத் தயார் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கும் நிலை வந்தது.

கை கொடுத்த கை

1814-ல் பிரைட்டன் என்ற கடற்கரை ஊருக்குப் போனார். அங்கே நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் தொடங்கினார்.

மூலிகை கலந்த நீராவியில் நோயாளி வியர்க்க வேண்டும். அவரைச் சுற்றி ஃபிளானல் துணியால் ஒரு கூடாரம் இருக்கும். பிடித்துவிடுபவர் வெளியே நிற்பார். துணியில் தைத்த கைகளின் வழியே, அவருடைய கைகள் மட்டும் உள்ளே போகும். நோயாளியின் மானம் காக்கப்பட்டது. பெண்களின் பகுதியை மனைவி ஜேன் கவனித்துக்கொண்டார்.

கூட்டம் பெருகியது. குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் முன்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 4-ம் ஜார்ஜ் மன்னர் அவரைத் தமது ஷாம்பு சர்ஜனாக நியமித்தார். அடுத்து வந்த 4-ம் வில்லியம் மன்னரிடமும் அவருக்கு அதே பதவி!

10 ஆண்டு பொய்

அவர் கைகளில் திறமை இருந்தது. ஆனால் டாக்டர் பட்டம் இல்லை. அதைக் குறையாகக் கருதிவிட்டார்.

1822-ல் தம் தொழிலைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆஸ்பத்திரியில் பயின்றதாகவும், கம்பெனிப் படையில் சர்ஜனாக இருந்ததாகவும் சொல்லிக்கொண்டார். படித்ததற்குக் காலம் காட்ட வேண்டுமே! பிறந்த ஆண்டை 1749 என்று மாற்றினார்.

அவருடைய பழைய புத்தகமே அவருக்கு எதிர்ச்சாட்சி ஆயிற்று.

கடைசிக் காலத்தில் தொழில் நொடித்தது. 1851 பிப்ரவரி 24-ல் காலமானார். உண்மை வயது 92-ஐத் தாண்டியிராது. கல்லறையிலோ 101 என்று பொறித்தார்கள். பொய் கல்லிலும் ஏறிவிட்டது!

சட்டம் வந்தது

அவர் காலத்தில் இது சட்டப்படி குற்றமாக இல்லை. டாக்டர்களுக்கு அரசாங்கப் பதிவேடே கிடையாது. அவர் இறந்து 7 ஆண்டுகளுக்குப் பிறகு, 1858-ல், பிரிட்டனில் அந்தச் சட்டம் வந்தது. பதிவு பெறாதவர் பதிவு பெற்ற டாக்டர் போல நடிப்பது குற்றமாயிற்று.

பிடித்துவிடும் தொழிலில் வேறு கேடும் புகுந்தது. அந்தப் பெயரில் சில இடங்களில் ஒழுக்கக்கேடு நடப்பதாக 1894-ல் லண்டனில் புகார் கிளம்பியது. நேர்மையாக உழைத்தவர்களுக்கும் கெட்ட பெயர்! ரோசலிண்ட் பேஜெட் முதலிய 4 பெண்கள் உடனே ஒரு சங்கம் அமைத்தார்கள். டாக்டர் சொன்னால்தான் சிகிச்சை; மருந்து விற்கக் கூடாது என்று விதி வகுத்தார்கள். பிசியோதெரபி என்ற இன்றைய தொழிலின் பிரிட்டிஷ் சங்கம் அதிலிருந்து வளர்ந்ததே.

இந்தியாவில் 2021-ம் ஆண்டுச் சட்டம் பிசியோதெரபி தொழிலுக்கும் பதிவேடு வகுத்தது. இடுப்புப் பிடிப்பு என்று படுப்பவர், முன்பின் தெரியாத கைகளை நம்பித் தம் உடம்பை ஒப்படைக்கிறார். என்ன படித்திருக்கிறார், எது தம்மால் முடியாது என்பதை அந்தக் கைக்கு உரியவர் உள்ளபடி சொல்ல வேண்டாமா?

பேரன் தீர்த்த கடன்

தீன் முகமதுவின் பேரன் பிரெடரிக் அக்பர் முகமது. தாத்தா இறக்கும்போது இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை. வளர்ந்ததும் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் முறையாகப் படித்து டாக்டரானார். நாடித் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியைத் திருத்தி அமைத்தார். ரத்தக் கொதிப்பு பற்றி அவர் செய்த ஆராய்ச்சியை மருத்துவ உலகம் இன்றும் போற்றுகிறது. 1884-ல், 35 வயதிலேயே இறந்துவிட்டார்.

தாத்தா படித்ததாகச் சொன்ன படிப்பைப் பேரன் படித்தே காட்டினார்!