பாலைக்குத் தண்ணீர் கொண்டுவந்த மன்னர்

சென்ற டிசம்பர் விடுமுறையில் வாப்பாவோடும் உம்மாவோடும் இந்தியாவுக்குச் சென்றிருந்தேன். டெல்லியிலிருந்து இரவு முழுவதும் ரயிலில் பயணம் செய்து, விடியற்காலையில் இராஜஸ்தானிலுள்ள பிகானேர் நகரில் இறங்கினோம். தார் பாலைவனத்தில் 1488ஆம் ஆண்டு ராவ் பீகா என்பவர் அமைத்த நகரம் அது. பகலில் கண் கூசும் வெயில். இரவில் போர்வைக்குள்ளும் நடுங்க வைக்கும் குளிர்.

முதலில் ஜூனாகர் கோட்டைக்குப் போனோம். இராஜஸ்தானின் புகழ்பெற்ற கோட்டைகள் பல மலையுச்சியில் இருக்க, இதுவோ சமதரையில் செந்நிறக் கல்லால் எழுந்து நிற்கிறது. பேரரசர் அக்பரின் தளபதிகளுள் ஒருவராக இருந்த ராஜா ராய் சிங் காலத்தில், 1589 முதல் 1594 வரை கட்டப்பட்டது. உள்ளே அனூப் மஹாலின் சுவர்களில் தங்கப் பூவேலை மின்னியது. இத்தகைய தங்க வேலைக்குப் பெயர்பெற்றவர்கள் பிகானேரின் உஸ்தா எனப்படும் முஸ்லிம் கலைஞர் குடும்பத்தினர். ஒட்டகத் தோலிலும் அவர்கள் இதே வேலையைச் செய்கிறார்கள் என்று அறிந்ததும் உம்மா அந்தச் சுவரை விட்டு நகரவே இல்லை.

வாப்பாவுக்கோ வேறு யோசனை. அவர் வேளாண்மை செய்பவர். எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. தண்ணீர் வந்து சேருமா என்ற கவலையோடுதான் எங்கள் வீட்டில் ஒவ்வொரு போகமும் தொடங்கும். இந்த மணலில் மனிதர்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று வழிகாட்டியிடம் அவர் கேட்டார். அதற்குக் கிடைத்த பதில்தான் மகாராஜா கங்கா சிங்கின் வாழ்க்கை.

கங்கா சிங் 1880 ஒக்டோபர் 13ஆம் திகதி பிறந்தார். மூத்த சகோதரர் டூங்கர் சிங் இறந்ததால், 1887இல் ஏழு வயதுகூட நிரம்பாத நிலையில் அரியணை ஏறினார். அஜ்மீரிலுள்ள மேயோ கல்லூரியில் படித்தார். 1898 டிசம்பரில் ஆட்சியின் முழுப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது.

அடுத்த ஆண்டே மழை பொய்த்தது. 1899-1900இன் அந்தப் பெரும் பஞ்சத்தை இராஜஸ்தான் மக்கள் இன்றும் சப்பனியா என்று குறிப்பிடுகிறார்கள். விக்ரம ஆண்டு 1956இல் வந்ததால், ஐம்பத்தாறைக் குறிக்கும் அந்தப் பெயர். கால்நடைகள் கூட்டங் கூட்டமாக மடிந்தன, ஊர்கள் வெறிச்சோடின. பத்தொன்பது வயது மன்னர் நிவாரண வேலைகளை ஏற்படுத்தி, மக்களுக்குக் கூலியும் உணவும் கிடைக்கச் செய்தார். ஆனால் நிவாரணம் அந்த ஒரு பஞ்சத்துக்குத்தான் மருந்து. அடுத்த பஞ்சத்தைத் தடுக்கத் தண்ணீரே வேண்டும்.

பிகானேருக்குள் வற்றாத ஆறு எதுவும் இல்லை. தண்ணீர் இருந்தது தொலைவில், பஞ்சாபின் சட்லஜ் ஆற்றில். அதில் பங்கு பெற ஆண்டுக்கணக்காக அவர் முயன்றார். 1920இல் பஞ்சாப், பஹாவல்பூர், பிகானேர் ஆகிய மூன்று தரப்பும் உடன்படிக்கை செய்துகொண்டன. 1925இல் அடிக்கல் நடப்பட்டது. மண் வாய்க்காலாக வெட்டினால் மணலே தண்ணீரைக் குடித்துவிடும் என்பதால், 100 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்துக்குக் கொங்கிறீற்றுப் பூசினார்கள். 1927 ஒக்டோபர் 26ஆம் திகதி கங்கா கால்வாயில் தண்ணீர் பாய்ந்தது. வறண்டு கிடந்த வடபகுதி விளைநிலமாயிற்று. அங்கு எழுந்த ஸ்ரீ கங்காநகர் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

உலக அரங்கிலும் அவர் அறியப்பட்டவர். முதலாம் உலகப் போரில் அவருடைய ஒட்டகப் படை எகிப்தில் போரிட்டது. 1919இல் வெர்சாய் உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பில் ஒப்பமிட்டவர்களில் அவரும் ஒருவர். தந்தை லால் சிங்கின் நினைவாக அவர் கட்டிய லால்கர் அரண்மனையை மாலையில் பார்த்தோம். சிவந்த கல்லில் சரிகை நெய்தது போன்ற வேலைப்பாடு!

எனினும் அவரிடம் குறை இல்லாமல் இல்லை. தமது ஆட்சியை விமர்சித்தவர்களை அவர் பொறுக்கவில்லை. 1932இல் பிகானேர் சதி வழக்கு என்ற பெயரில் அத்தகையவர்கள் விசாரிக்கப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். மக்களுக்குத் தண்ணீர் கொடுத்த கை, அவர்கள் வாய் திறப்பதை விரும்பவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவரை அறிந்ததாகும் என்று எனக்குத் தோன்றியது. 1943 பெப்ரவரி 2ஆம் திகதி பம்பாயில் அவர் காலமானார்.

கால்வாயை நேரில் பார்க்க வாப்பாவுக்கு ஆசை. ஆனால் அன்றிரவே ரயில் ஏற வேண்டியிருந்தது. ரயிலில் உம்மா தங்கச் சுவரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். வாப்பாவோ, அந்தக் கால்வாயின் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஒழுங்காகப் போகுமா என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில், குழாயைத் திறந்து விட்டபடி பல் துலக்கிக்கொண்டிருந்தேன். சப்பனியாவின் நினைவு வந்தது. கை தானாகவே குழாயை மூடியது. சகோதரிகளே, அரண்மனைகளைக் கட்டிய அரசர்கள் பலர். ஏறத்தாழ நூறு வருடத்துக்குப் பின்னும் ஓர் அரசரை நன்றியோடு நினைக்க வைப்பது, அவர் கொண்டுவந்த தண்ணீர்தான்.