ஒப்பந்தப்புள்ளியின் கதவைத் திறந்த மேயர் மேனார்டு ஜாக்சன்

ஒரு மாநகராட்சியின் கருவூலத்திலிருந்து பணம் வெளியே செல்லும் வழிகளுள் இரண்டு முதன்மையானவை. ஊழியர்க்குச் சம்பளமாகச் செல்வது ஒன்று. சாலை, பாலம், சாக்கடை, பள்ளிக் கட்டடம் என்று ஒப்பந்தக்காரர்க்குச் செல்வது மற்றொன்று. முதல் வழியில் பங்கு கேட்கும் குரல் ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து எங்கும் எழுகிறது. இரண்டாம் வழியில் பங்கு கேட்கும் குரல் அரிதாகவே எழுகிறது. அக்குரலை ஆட்சிப் பீடத்திலிருந்தே எழுப்பி, சட்டமாக்கி, நடத்தியும் காட்டியவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவின் மேயர் மேனார்டு ஹால்புரூக் ஜாக்சன். வேலை தேடும் பருவத்தில் நிற்கும் நம் இளைஞர்கள் அவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்வது பயனுடையது என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

பிறப்பும் குடும்பமும்

ஜாக்சன் 1938-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் பிறந்தார். தந்தையார் பாப்டிஸ்டு திருச்சபையின் போதகர். 1945-இல் அட்லாண்டாவின் பழமையான கறுப்பினத் திருச்சபை ஒன்றின் பொறுப்பை அவர் ஏற்றபோது குடும்பம் அந்நகரில் குடியேறியது. தாயார் ஐரீன் டாப்சு பிரெஞ்சு மொழிப் பேராசிரியை. பிரான்சு நாட்டுத் துலூசுப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அத்தகைய கல்வி பெற்ற அம்மையாருக்கே அட்லாண்டா பொது நூலகத்தின் வாயில் மூடியிருந்தது. 1959-இல் அவர் உறுப்பினர் அட்டை கேட்டுப் பெற்ற பின்னரே அந்நூலகம் அனைவர்க்கும் பொதுவாயிற்று.

தாய்வழிப் பாட்டனார் ஜான் வெஸ்லி டாப்சு இரயில்வே அஞ்சல் பிரிவில் எழுத்தராக இருந்தவர். கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டவர். நீக்ரோ வாக்காளர் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவர். வாக்கு பெருகியதும் நகர ஆட்சி செவி சாய்த்தது. 1948-இல் கறுப்பினத்தார் எண்மர் முதன்முதலாகக் காவலர் ஆயினர். வாக்கு என்பது பதவி கேட்கும் கருவி என்பதைப் பேரன் தம் வீட்டிலேயே கற்றுக்கொண்டார்.

கல்வியும் தளராமையும்

14-ஆம் வயதில் உதவித்தொகை பெற்று மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்த ஜாக்சன், 1956-இல் 18-ஆம் வயதில் பட்டதாரி ஆனார். இடையே 1953-இல் தந்தையை இழந்தார். பாஸ்டனில் சட்டம் பயிலச் சென்றவர் அங்கே நிலைக்க இயலாமல் வெளியேறினார். கலைக்களஞ்சிய நூல்களை வீடு வீடாகச் சென்று விற்றுப் பிழைத்த காலமும் அவருக்கு இருந்தது. பின்னர் வட கரோலினாவில் கறுப்பின மக்களுக்கெனத் தோன்றிய கல்லூரி ஒன்றில் மீண்டும் சேர்ந்து, 1964-இல் சிறப்புடன் சட்டப் பட்டம் பெற்றார். ஒருமுறை தவறிய கல்வி மறுமுறை கைகூடும் என்பதற்கு இவர் சான்று.

தொழிலாளர் உறவு வாரியத்தில் வழக்கறிஞராகவும், ஏழைகளுக்கான சட்ட உதவி நிலையத்திலும் பணியாற்றினார். 1968-இல் செனட் தேர்தலில் பெருந்தலைவர் ஒருவரை எதிர்த்து நின்று தோற்றார்; ஆயினும் அட்லாண்டா நகருக்குள் அவரே முந்தினார். 1969-இல் துணை மேயர் ஆனார். 1973-ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று, 1974 சனவரியில், 35-ஆம் வயதில் மேயர் பொறுப்பேற்றார். அமெரிக்கத் தென்மாநிலங்களின் பெருநகர் ஒன்றுக்குக் கறுப்பினத்தார் மேயரானது அதுவே முதன்முறை.

பூட்டியிருந்த கதவு

அந்நாளில் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தார். ஆனால், மாநகராட்சி அளித்த ஒப்பந்தங்களில் அவர்களுக்குக் கிடைத்தது நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. ஒப்பந்தப்புள்ளி அனைவர்க்கும் பொது, குறைந்த விலை கேட்டவருக்கே வேலை, இதில் நிறம் எங்கே வந்தது என்று கேட்டவர் பலர். மேற்பார்வைக்கு அது நியாயமாகவே தோன்றும். விதிகளைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

ஒப்பந்தம் பெறுவதற்கு முன் அனுபவம் காட்டவேண்டும். ஒப்பந்தமே பெறாதவனுக்கு அனுபவம் எங்கிருந்து வரும்? வேலையை முடித்துத் தருவதாகப் பிணைய நிறுவனம் ஒன்று உறுதிப்பத்திரம் தரவேண்டும். அந்நிறுவனமோ முன்பு செய்த வேலைகளையும் கையிருப்பையும் பார்த்தே உறுதி தரும். தொழிலாளிக்குக் கூலி வாரந்தோறும் கொடுத்தாக வேண்டும். நகராட்சியின் பணமோ பல வாரம் கழித்தே வரும். இடைக்காலத்தைத் தாங்க வங்கிக் கடன் வேண்டும். வங்கியின் மேலிடத்தில் இவர்களை அறிந்தவர் எவரும் இல்லை. இவ்வாறு, நிறத்தின் பெயரை ஓரிடத்திலும் எழுதாமலேயே விதிகள் ஓர் இனத்தை வெளியே நிறுத்தின.

ஜாக்சன் இதனை வழக்கறிஞர் கண்ணோடு பார்த்தார். நிர்வாகத் துறை ஆணையராக இருந்த எம்மா டார்னல் என்னும் அம்மையார் புதிய விதிமுறைகளை வகுப்பதில் பெரும்பங்கு ஆற்றினார். நகரின் வைப்புப் பணத்தை ஏற்கும் வங்கிகள் தம் மேல்நிலைப் பொறுப்புகளில் கறுப்பினத்தார்க்கும் பெண்டிர்க்கும் இடமளிக்க வேண்டும் என்று மேயர் அறிவித்தார். இணங்காத வங்கியிலிருந்து 5 இலட்சம் டாலரை எடுத்து, இணங்கிய வங்கியில் போட்டார். மற்ற வங்கிகளும் வழிக்கு வந்தன.

விமான நிலையம்

பெருஞ்சோதனை விமான நிலையத்தால் வந்தது. ஏறத்தாழ 50 கோடி டாலர் செலவில் புதிய நிலையம் கட்டத் திட்டமிருந்தது. அவ்வேலையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சிறுபான்மையோர் நிறுவனங்களுக்குச் சேரவேண்டும் என்றார் ஜாக்சன். தொழிலதிபர்கள் கொதித்தனர், நாளேடுகள் கடிந்தன, தகுதியுள்ள கறுப்பின நிறுவனங்கள் இல்லை என்ற வாதமும் எழுந்தது. வேலை நின்றாலும் நிற்கட்டும், பழைய முறையில் நடவாது என்று மேயர் அசையாதிருந்தார்.

அவர் முன்வைத்த வழி கூட்டு ஒப்பந்தம். பெரிய நிறுவனமும் சிறிய நிறுவனமும் பங்காளிகளாகச் சேர்ந்து ஒப்பந்தப்புள்ளி அளிக்கும். பெரியதன் பிணையமும் அனுபவமும் இருவருக்கும் உதவும். சிறியது வேலையில், கணக்கில், இலாப நட்டத்தில் பங்கேற்கும். வேலை முடிந்தபின் அனுபவச் சான்று சிறிய நிறுவனத்தின் கையிலும் இருக்கும். அடுத்த ஒப்பந்தத்திற்கு அது தன் காலிலேயே நிற்கலாம். சாந்து பூசும் தொழிலாளியின் மகனாகப் பிறந்து கட்டுமானத் தொழிலில் உயர்ந்த ஹெர்மன் ரசல் என்பாரின் நிறுவனமும் இவ்வாறு விமான நிலையப் பணியில் பங்கேற்றது.

1977-இல் தொடங்கிய வேலை முடிந்து, 1980 செப்டம்பர் 21-ஆம் நாள் நிலையம் திறக்கப்பட்டது. பங்கு கொடுத்தால் வேலை கெடும் என்ற வாதத்திற்கு அக்கட்டடமே விடையாயிற்று. அதற்கு முன்பே, 1970-களின் இறுதிக்குள், மாநகராட்சி ஒப்பந்தங்களில் சிறுபான்மையோர் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டியிருந்தது.

நிறையும் குறையும்

தலைவர்களைத் தெய்வமாக்குவது நமக்கு உடன்பாடன்று. 1977-இல் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த துப்புரவுத் தொழிலாளர் ஏறத்தாழ ஆயிரம் பேரை ஜாக்சன் பணிநீக்கம் செய்தார். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தார், அவருக்கு வாக்களித்தோர். ஒப்பந்தக்காரர் உயர்ந்த அதே காலத்தில் குப்பை அள்ளியவர் தெருவில் நின்றனர். ஒப்பந்தத்தின் பயன் செல்வாக்குடைய சிலரிடமே தங்குகிறது என்ற குறை அவருடைய இனத்தாரிடமிருந்தே எழுந்தது. துப்புரவுப் பணியின் துயரை அறிந்த நம் சமூகம் இதை மறவாமல் படிக்கவேண்டும். சில முதலாளிகள் தோன்றுவது ஒரு தொடக்கமேயன்றி விடுதலை முழுமையன்று.

நீதிமன்றமும் கணக்கேடும்

தொடர்ந்து இருமுறைக்கு மேல் மேயராக இருக்க விதி இடந்தரவில்லை. 1982-இல் விலகிய ஜாக்சன், 1990-இல் மீண்டும் மேயரானார். அதற்குள் நிலைமை மாறியிருந்தது. 1989 சனவரியில், ரிச்மண்டு நகரின் 30 விழுக்காட்டு விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மக்கள்தொகைக் கணக்கை மட்டும் காட்டினால் போதாது. தகுதியுள்ள நிறுவனங்கள் எத்தனை, அவை எவ்வாறு ஒதுக்கப்பட்டன என்று சான்றுடன் நிறுவவேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டில் ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் அட்லாண்டாவின் திட்டத்தையும் செல்லாதென்றது.

நகரம் சோர்ந்துவிடவில்லை. அமெரிக்க மைய வங்கி ஆளுநர் குழுவின் முதல் கறுப்பின உறுப்பினராயிருந்த ஆண்ட்ரூ பிரிம்மரும், முன்னாள் தொழிலாளர் துறைச் செயலர் ரே மார்ஷலும் நடத்திய பேராய்வு 1990-இல் வெளிவந்தது. எந்த வேலை யாருக்குச் சென்றது, யாருக்குக் கடனும் பிணையமும் மறுக்கப்பட்டன என்பவற்றை அது விரித்துரைத்தது. அச்சான்றுகளை அடிப்படையாக்கி நகரம் திட்டத்தைப் புதுப்பித்தது. உணர்ச்சியால் வென்றதைக் கணக்கேட்டால் காத்தனர் என்று சொல்லலாம்.

1994-இல் பதவியை விட்டபின் ஜாக்சன் நிதிப்பத்திரத் தொழிலில் ஈடுபட்டார். 2003 சூன் 23-ஆம் நாள் மாரடைப்பால் மறைந்தார். அவ்வாண்டிலேயே அட்லாண்டா விமான நிலையத்துக்கு முன்னிருந்த ஹார்ட்ஸ்ஃபீல்டு என்னும் பெயரோடு அவர் பெயரும் சேர்க்கப்பட்டது.

நம் இளைஞர்க்கு

அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவில் பொருளாதாரம் பயின்று திரும்பிப் பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் வந்தவர்கள் விலகியதால் அத்தொழில் நின்றது. அறிவு இருந்தும் வாணிகத்தின் கதவு திறவாததை நாம் அண்ணலின் வாழ்விலேயே கண்டோம். 2012-ஆம் ஆண்டின் மைய அரசுக் கொள்முதல் ஆணை, அரசின் ஆண்டுக் கொள்முதலில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் சிறு தொழில்களுக்கு 4 விழுக்காடு என்று வரையறுத்தது. விதி வந்தது நன்று. ஆனால் விதியைப் பயன்படுத்தத் தெரிந்தவர் நம்மிடையே பெருகவேண்டும்.

ஒப்பந்தப்புள்ளி விளம்பரத்தைப் படிக்கவும், வேலையின் மதிப்பீட்டைப் போடவும், வரிக்கணக்கையும் கூலிப் பதிவேட்டையும் ஒழுங்காக வைக்கவும் நம் பிள்ளைகள் கற்கவேண்டும். பிறருக்குப் பெயரை மட்டும் இரவல் தந்து பினாமியாக நிற்கும் இழிவுக்கு ஒருபோதும் உடன்படலாகாது. அது நமக்கென்று திறந்த கதவை நாமே அடைப்பதாகும். பொறியியல் படித்தவரும், கணக்கு படித்தவரும், கொத்து வேலையில் கைதேர்ந்தவரும் ஒன்று கூடினால் ஒரு நிறுவனம் உருவாகும். அத்தகைய நிறுவனங்கள் நம் கல்விக் கழகத்தின் மாணவரிடையே தோன்றுமாயின், இந்த வெள்ளி விழா கொண்டாடியதன் பயன் நிறைவெய்தும்.