நெல்மணியின் முதல் நாட்களை அறியச் செய்த ஆசான் பஞ்சானன் மகேஸ்வரி

கொழும்பு - மட்டக்களப்பு வீதியிலிருந்து அப்புத்தளைக்கும் பதுளைக்கும் பாதை பிரிந்து செல்லும் இடம் பெரகல. அதனைச் சூழ்ந்த மலைகளில் தேயிலை. வெலிமடை போன்ற ஊவாவின் ஏனைய பகுதிகளில் படிப்படியாக அமைந்த நெல்வயல்கள். தேயிலையையும் நெல்லையும் ஒருங்கே அறிந்த எமது மக்களுக்கு இவ்விரு பயிர்களுக்கும் இடையிலுள்ள ஒரு வேறுபாடு நன்கு தெரியும். நல்ல தாய்ச்செடியின் தண்டை வெட்டிப் பதியம் வைத்தால் அதே குணமுள்ள தேயிலைச் செடி கிடைத்துவிடும். வி.பி. தேயிலை மலைகள் யாவும் இவ்வாறு உருவானவையே. நெல்லோ விதையின் வழியாகவே தலைமுறை காண்கிறது. கலப்பின நெல்லின் விதையை மறுபோகம் விதைத்தால் அதன் சிறப்பு சிதறிவிடுகிறது. விவசாயி மீண்டும் காசு கொடுத்து விதை வாங்க வேண்டியவனாகிறான்.

இதற்கான காரணம் விதை உருவாகும் முதற் கலத்திலேயே இருக்கிறது. அந்த நுண்ணிய உலகை ஆராயும் தாவர முளையவியலைத் தெற்காசியாவில் நிலைபெறச் செய்தவர் பேராசிரியர் பஞ்சானன் மகேஸ்வரி ஆவார்.

1904ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜெய்ப்பூரில் பிறந்த மகேஸ்வரி, அலகாபாத் நகரின் யூயிங் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றார். அங்கு கற்பித்த அமெரிக்க மிஷனரி வின்பீல்ட் டட்ஜன் அவரது வாழ்க்கையின் திசையை மாற்றியமைத்தார். மாணவர் தம்மை விஞ்சிச் செல்வதே தமக்கு மகிழ்ச்சி எனக் கருதிய ஆசிரியர் அவர். குருவுக்குக் கைம்மாறாக எதைச் செய்யலாம் என மகேஸ்வரி வினவியபோது, தாம் அவருக்குச் செய்ததை அவர் தமது மாணவர்களுக்குச் செய்தால் போதும் என டட்ஜன் கூறியதாக அறிகிறோம். அந்த அறிவுரையை மகேஸ்வரி இறுதிவரை கடைப்பிடித்தார்.

1931ஆம் ஆண்டு அலகாபாத் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், ஆக்ரா கல்லூரியில் பணியாற்றிய பின்னர் 1939ஆம் ஆண்டு டாக்கா பல்கலைக்கழகத்தில் இணைந்தார். நாடு பிரிந்த 1947ஆம் ஆண்டின் கொந்தளிப்புக்குப் பின்னரும் அவரது டாக்கா பணி தொடர்ந்தது. 1949ஆம் ஆண்டு டில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சேர் மொரிஸ் குவையரின் அழைப்பை ஏற்று, அங்கு தாவரவியல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டில் வெளிவந்த அவரது பூக்குந் தாவரங்களின் முளையவியல் பற்றிய நூல், உலகெங்கும் மாணவர் கைகளில் தவழ்ந்தது.

அந்த நூல் விளக்கும் பொதுவிதி நெல்லுக்கும் பொருந்துவதாகும். நெற்பூ முற்பகல் வேளையில் சிறிது நேரமே விரிகிறது. மகரந்தமணி சில நிமிடங்களில் முளைத்துக் குழாய் விடுகிறது. சுமார் ஒரு மணித்தியாலத்துள் அக்குழாய் சூல்வித்தை அடைந்து இரண்டு ஆண் கலங்களை உள்ளே விடுகின்றது. ஒன்று முட்டைக் கலத்துடன் சேர்ந்து நுகமாகிறது. அதுவே முளையம், அதாவது நாளைய நாற்று. மற்றையது மையக் கலத்தின் இரு கருக்களுடன் இணைந்து வித்தகவிழையத்தைத் தோற்றுவிக்கிறது. அதுவே நாம் உண்ணும் அரிசி. இந்த இரட்டைக் கருக்கட்டலை 1898ஆம் ஆண்டு நவாஷின் என்னும் ரஷ்ய அறிஞர் லில்லி இனத் தாவரங்களில் கண்டறிந்தார்.

நெல்லில் முதல் மூன்று நாட்களளவும் வித்தகவிழையத்தின் கருக்கள் சுவரின்றியே பிரிந்து பெருகுகின்றன. அதன் பின்னரே சுவர்கள் எழுந்து கலங்கள் அமைய, மாப்பொருள் சேரத் தொடங்குகிறது. பத்து நாட்களளவில் முளையத்தில் இலைக்கும் வேருக்குமான உறுப்புகள் உருப்பெற்றுவிடுகின்றன. மணி முற்றுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும். ஆயினும் மணியா, பதரா என்பது பெரும்பாலும் தொடக்கத்திலேயே நிர்ணயமாகிவிடுகிறது. கதிர் குடலை கட்டும் பருவத்தில் கடுங்குளிர் பட்டால் மகரந்தம் மலடாகிறது. பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் கருக்கட்டல் தவறுகிறது. மலைநாட்டுக் குளிருக்கும் வெல்லவாய சமவெளியின் வெயிலுக்கும் இடையில் பயிரிடும் ஊவா விவசாயிக்கு இது ஏட்டறிவு மட்டுமன்று.

இயற்கையில் சூலகத்தின் உள்ளே மறைவாக நிகழும் இக்கருக்கட்டலைக் கண்ணாடிக் குழாயில் நிகழ்த்திக் காட்டியதே மகேஸ்வரியின் புகழ்பெற்ற சாதனை. 1962ஆம் ஆண்டு குசும் காந்தா, ரங்கசுவாமி ஆகியோருடன் இணைந்து, கசகசாச் செடியின் சூல்வித்துகளைப் பிரித்தெடுத்துப் போசணை ஊடகத்தில் இட்டு, அவற்றின் மீது மகரந்தத்தைத் தூவி விதை விளைவித்தார். தமக்குள் கலக்க மறுக்கும் இனங்களைக் கலக்கச் செய்ய இது வழிகாட்டியது. முதிராத முளையங்களைச் செயற்கையாக வளர்க்கும் ஆய்வின் தேவையையும் அவர் வலியுறுத்தி வந்தார். 1990களில் ஆசிய, ஆபிரிக்க நெல்லினங்களைக் கலந்து நெரிக்கா நெல்லை மேற்கு ஆபிரிக்காவில் உருவாக்கியபோது, முளையங்களை இவ்வாறு பிரித்து வளர்த்தே காப்பாற்றினர்.

அவரது துறையிலேயே 1964ஆம் ஆண்டு சிப்ரா குஹாவும் எஸ்.சி.மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தக்கூட்டிலிருந்து பாதி நிறமூர்த்தங்களே கொண்ட செடிகளை வளர்த்தெடுத்தனர். நான்கு ஆண்டுகளில் ஜப்பானியர் அம்முறையை நெல்லில் நிறைவேற்றினர். பல தலைமுறைகள் காத்திருந்து பெறவேண்டிய தூய வழியை விரைந்து பெற அது உதவியது.

1964ஆம் ஆண்டில் இந்திய உயர்நிலைப் பள்ளிகளுக்கான உயிரியல் பாடநூல் மகேஸ்வரியின் தலைமையில் வெளியானது. 1965ஆம் ஆண்டு லண்டன் ரோயல் சொசைட்டி அவரைத் தனது உறுப்பினராக்கியது. 1966ஆம் ஆண்டு மே மாதம், தமது 61ஆவது வயதில் அவர் காலமானார். உலகப் புகழின் உச்சியில் நின்ற வேளையிலும் பள்ளிப் பிள்ளையின் பாடநூலுக்காக நேரம் ஒதுக்கினார் என்பதே எம்மை மிகவும் கவர்கிறது.

அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின், 2018ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் இம்தியாஸ் காண்டே, வெங்கடேசன் சுந்தரேசன் முதலானோர் தாயை அச்சொட்டாக ஒத்த விதைகளைத் தரும் நெற்செடியை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியதாக அறிவித்தனர். நுகத்தில் முளையத்தைத் தொடக்கிவைக்கும் பரம்பரையலகை அவர்கள் கண்டறிந்ததன் பயன் இது. பதியத்தால் தேயிலை பெறும் பேற்றை விதையாலேயே நெல் பெறும் நாள் வருமாயின், கலப்பின விதைக்காக ஒவ்வொரு போகமும் கடன்படும் விவசாயிக்கு அது பெரும் விடுதலையாகும்.

இத்தகைய ஆய்வில் எமது பிள்ளைகளுக்குப் பங்கு உண்டா? பதுளையில் 2005ஆம் ஆண்டு முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இயங்கி வருகின்றது. ஆனால் அதன் வாயிலை எட்டுவதற்கு, பாடசாலையில் உயிரியல் ஆசிரியரும் நுணுக்குக்காட்டியும் வேண்டும். தோட்டப்புறப் பாடசாலைகளில் இவையிரண்டும் நெடுங்காலக் குறைகளாகும். நெற்பூ ஒன்றைப் பிரித்து அதன் சூலகத்தை ஒருமுறையேனும் கண்ணால் கண்ட மாணவன், படத்தை மனனம் செய்தவனைப் போன்றவன் அல்லன். டட்ஜன் ஒரு மாணவரை உருவாக்கினார். அம்மாணவர் ஒரு துறையையே உருவாக்கினார். கதிருக்கு முதல் நாட்கள் எப்படியோ, அறிவுக்குப் பள்ளி நாட்கள் அப்படி. மலையகத்தின் தமிழ், முஸ்லிம் மாணவர்களது அந்த நாட்கள் பதராகிவிடாமல் காப்பது கல்வி அதிகாரிகளினதும் சமூகத் தலைவர்களினதும் பொறுப்பாகும்.