பிறமதத்தார் நிழலில் வாழ்ந்த புனிதர்

திருகோணமலைக் கோட்டை வாசலைக் கடந்து சுவாமி மலைப் பாதையில் நீங்கள் நடந்திருப்பீர்கள். 1620களில் அங்கிருந்த பழைய கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோட்டை கட்டினான். இடித்தவர்கள் நம் வேதத்தவர்கள். அதை நாம் மறைத்தல் ஆகாது.

பின்பு காலம் மாறியது. 1658இல் போர்த்துக்கீசரை இலங்கையிலிருந்து துரத்திய ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். குருமார் இன்றி நம் முன்னோர் தவித்தனர். அவர்களைத் தேடி வந்தவரே புனித யோசவ்வாஸ் முனிவர். 1651இல் கோவாவில் பிறந்த அவர், 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டு, ஒளிந்திருந்த விசுவாசிகளைக் கண்டுபிடித்தார். பகலில் மறைவு, இரவில் திருப்பலி.

1692இல் கண்டிக்குச் சென்றபோது ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறையிலிட்டனர். ஆனால் பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன், அவருடைய தூய வாழ்வைக் கண்டு, நாளடைவில் விடுதலை தந்து, வேதம் போதிக்கவும் இடமளித்தான். எண்ணிப் பாருங்கள்! கிறிஸ்தவர் துரத்திய கத்தோலிக்கருக்குப் பௌத்த அரசனின் நாடு புகலிடமாயிற்று.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. உற்றாரே நோயாளரைக் கைவிட்டு ஓடினர். முனிவரோ, மருமகனான யோசவ் கார்வாலோ அடிகளாருடன் நோயாளரைத் தேடிச் சென்று, கஞ்சி ஊட்டி, புண் கழுவி, இறந்தோரை அடக்கஞ்செய்தார். எம்மதத்தார் என்று பார்த்துப் பணிசெய்தாரில்லை.

தம் விசுவாசத்தை அவர் விட்டுக்கொடுக்கவுமில்லை. போதித்தார், பலருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஆயினும் அவர் பின்னால் படையும் பீரங்கியும் நிற்கவில்லை. 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே உயிர்நீத்தார். 2015இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

வாசகரே, டி சாவும் கத்தோலிக்கர், யோசவ்வாசும் கத்தோலிக்கர். நீங்கள் யாருடைய வழியில் நடக்கிறீர்கள்? நம் துறைமுகப் பட்டினத்தில் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் அருகருகே நிற்கின்றன. அயலவரின் தெய்வத்தை வீட்டுக்குள்ளும் இழித்துப் பேசாதீர்கள், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் நோய் வந்தால், மரணம் நேர்ந்தால், முதலாளாய்ப் போய் நில்லுங்கள். பெரும்பான்மையாய் இருக்கும் இடத்தில் இதை மறவாதீர்கள்: நாம் சிறுமைப்பட்ட நாளில் பிறமதத்தார் கதவு திறந்ததாலேயே நம் விசுவாசம் இத்தீவில் பிழைத்தது.