சாரணர் அன்னை அன்னி பெசன்ட்

அன்னி பெசன்ட் அம்மையார் 1847 அக்டோபர் 1-ல் லண்டனில் பிறந்தார். 1893-ல் இந்தியா வந்தார். சென்னை அடையாறில் வாழ்ந்தார். அப்போது இங்கே சாரணர் படையில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத்தான் இடம். நம்ம பிள்ளைகளைச் சேர்க்கல. அம்மையார் சும்மா இருக்கல. இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். தலையில் தலைப்பாகை, வாயில் நம்ம நாட்டுப் பாட்டு! 1917-ல் ஆங்கில அரசு அவரை ஊட்டியில் காவலில் வைத்தது. அப்பவும் அவர் பின்வாங்கவில்லை. 1921-ல் சாரணர் தந்தை பேடன் பவல் இந்தியா வந்தார். நம்ம பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. 1933 செப்டம்பர் 20-ல் அம்மையார் அடையாறில் மறைந்தார்.

கூடாரம், முடிச்சு, முதலுதவி எல்லாம் சின்னச் சின்ன அணியாகத்தான் பழகுவாங்க. அணித் தலைவரும் ஒரு பிள்ளைதான். தலைமை அங்கேதான் வளருது. இப்போது பெண்களுக்கும் சாரணியர் படை உண்டு. தோழிகளே, பச்சைமலை ஏறுகிற நமக்கு நடை புதுசில்லை. முன்னால் நடக்கவும் பழகுவோம்!