சக்கர நாற்காலியில் அமர்ந்து பிறரை எழ வைத்த டாக்டர் மேரி வர்கீஸ்

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் மேடு தட்டிய மஞ்சள் கற்களை மிதித்து நடக்காதவர் குறைவு. 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கே இருக்கிறது. அங்கே வந்து போவோர் கைத்தடியால் தடம் அறிந்து, யார் கையையும் பிடிக்காமல் நடக்க அந்தக் கற்கள் உதவுகின்றன. உடற்குறை உள்ளவருக்கு எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்பதைவிட, அவரே செய்துகொள்ள வழி அமைப்பது மேல். இந்த எண்ணத்தை இந்தியாவில் மருத்துவத் துறையாகவே வளர்த்தவர்களில் ஒருவர், டாக்டர் மேரி வர்கீஸ்.

1925-இல் கொச்சியில் பிறந்த அவர், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் படித்தார். மகளிர் மருத்துவராக வேண்டும் என்பதே ஆசை. 1954-இல் சக மருத்துவர்களோடு சுற்றுலா சென்ற வாகனம் விபத்தில் சிக்கியது. முகத்தில் நீங்காத தழும்பு. முதுகுத்தண்டு பாதிப்பால் கால்கள் இரண்டும் செயலிழந்தன. முப்பது வயதுகூட ஆகவில்லை.

அதே மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் கொண்டிருந்தார். கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று மேரிக்கு வழி காட்டியவர் அவர்தான். சக்கர நாற்காலியில் இருந்தே மேரி அறுவை செய்யத் தொடங்கினார். ஆனால் நிமிர்ந்த விரல் தானாக வேலை செய்துவிடாது. கரண்டி பிடிக்க, சட்டைப் பொத்தான் போட, உளி பிடிக்க அதை மறுபடி பழக்க வேண்டும்.

தம் உடலுக்கும் அப்படியொரு பயிற்சி தேவை என்பதை மேரி உணர்ந்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். பிறகு நியூயார்க்கில், டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் அதையே மருத்துவப் படிப்பாகக் கற்றார். நோயாளியாகப் பழகியதை மருத்துவராகவும் படித்தவர் எத்தனை பேர்? 1963-இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-இல் அங்கே தனி மறுவாழ்வு நிலையமும் திறக்கப்பட்டது.

நம் அரசு மருத்துவமனைகளில் 'பெமுலிஹான் சாரா கெர்ஜா' என்ற பலகையைப் பார்த்திருக்கலாம். தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்பார்கள். பெயரைக் கேட்டு வேலை தேடித் தரும் இடம் என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் குளிப்பது, உடுத்துவது, கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறுவது, சமைப்பது போன்ற அன்றாட வேலைகளை மீண்டும் பழக்கும் சிகிச்சை அது. பிடி தளர்ந்த கைக்குக் கரண்டியின் காம்பைத் தடிமனாக்குவார்கள். கழிவறைச் சுவரில் கைப்பிடி பொருத்தச் சொல்வார்கள். பார்க்கச் சின்ன மாற்றங்கள்தான்.

பக்கவாதத்தாலோ நீரிழிவில் காலை இழந்ததாலோ வீட்டுக்குள் முடங்கிய பெரியவர்கள் தோட்டத்திலும் இருக்கிறார்கள், பட்டணத்து அடுக்குமாடியிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் பாசத்தோடு ஊட்டி விடுகிறார்கள். அந்தப் பாசமே சில வேளைகளில் அவர்களின் கையைச் சோம்ப வைத்துவிடுகிறது. ஊட்டுவதற்கு முன் ஒருமுறை அந்தப் பலகை உள்ள அறைக்கு அழைத்துப் போகலாம்.

மேரி வர்கீஸுக்கு 1972-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விபத்துக்குப் பிறகு 32 ஆண்டுகள் வாழ்ந்து, 1986-இல் அவர் மறைந்தார்.