எளியோர்க்கு இதழ் ஈந்த சார்லஸ் நைட்

பொருள் ஈட்டுதற்கு அச்சுத் தொழிலை மேற்கொண்டோர் பலர். அத்தொழிலின் வாயிலாக எளியோர்க்கும் அறிவை வழங்குதலே தம் கடமை எனக் கொண்டோர் சிலர். அச்சிலருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்த சார்லஸ் நைட் என்பார்.

நைட் 1791ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வின்சர் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் அந்நகரில் புத்தகக் கடை நடத்தி வந்தார். மைந்தரை 14ஆம் வயதிலேயே பள்ளியினின்று நிறுத்தி, அவர் தம்மிடம் தொழில் பயிலச் செய்தார். பள்ளிப் படிப்பு நின்றதேயன்றி நைட்டின் கல்வி நிற்கவில்லை. கடையில் இருந்த நூல்களே அவருக்கு ஆசிரியர்களாயின. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பழைய முதற்பதிப்புப் படி ஒன்று, சில ஏடுகள் இல்லாத நிலையில் அவருக்குக் கிடைத்தது. அவர் பழைய அச்செழுத்துகளைக் கோத்து, விடுபட்ட பக்கங்களைத் தாமே அச்சிட்டு அதனை நிறைவு செய்தார்.

அக்காலத்தில் ஏழைகள் படித்தற்குரிய நல்ல இதழ்கள் அரியவாய் இருந்தன. செய்தித்தாள் ஒவ்வொன்றின்மீதும் அரசாங்கம் 4 பென்னி முத்திரை வரி விதித்திருந்தது. அதனால் ஒரு தாளின் விலை 7 பென்னி ஆயிற்று. கூலியாள் அதனை வாங்குதல் எங்ஙனம்? வரி செலுத்தாமல் மறைவாக விற்கப்பட்ட மலிவுத் தாள்கள் பல தோன்றின. அவற்றுள் சில தொழிலாளர் உரிமைக்காகப் போராடின. வேறு சில கீழான சுவைக்குத் தீனி இட்டன. தீய தாள்களைத் தடை செய்தலினும், நல்லதை அதே விலைக்குக் கொடுத்தலே தக்க வழி என்று நைட் கருதினார்.

பயனுள்ள அறிவைப் பரப்பும் கழகம் ஒன்று 1826ஆம் ஆண்டில் புரூம் பிரபுவின் முயற்சியால் நிறுவப்பட்டிருந்தது. அக்கழகத்தின் சார்பில், 1832ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள், 'பென்னி மேகசின்' என்னும் வார இதழை நைட் வெளியிட்டார். பெயருக்கேற்ப அதன் விலை ஒரு பென்னியே. செய்திகள் இடம் பெறாமையால் அதற்கு முத்திரை வரி இல்லை. விலங்குகள், பொறிகள், தொலைநாடுகள், புகழ்பெற்ற கட்டடங்கள், பேரோவியங்கள் ஆகியவற்றைப் பற்றிய கட்டுரைகள் அதன்கண் வந்தன. மரக்கட்டையில் செதுக்கிய படங்கள் எழுத்துகளோடு ஒருங்கே அச்சிடப்பட்டன. அரண்மனைச் சுவர்களில் மட்டுமே காணத்தக்க ஓவியங்களின் சாயலைக் குடிசையில் வாழ்வோரும் கண்டனர். அவ்வாண்டின் இறுதிக்குள் இதழ் 2,00,000 படிகள் விற்பனையாயிற்று. நீராவியால் இயங்கும் அச்சுப்பொறி இன்றேல் இது கைகூடியிராது.

எனினும் குறை கூறுவோரும் இருந்தனர். அரசியலும் கதையும் இல்லாத இதழ் தம் வாழ்க்கையைப் பேசவில்லை என்று தொழிலாளர் பலர் கருதினர். நாளடைவில் விற்பனை குறைந்தது. 1845ஆம் ஆண்டில் கழகத்தின் இதழாக அது வெளிவருதல் நின்றது.

நைட்டுக்குப் பேரிழப்பை விளைத்தது 'பென்னி சைக்ளோபீடியா' என்னும் கலைக்களஞ்சியம். 1833 முதல் 1843 வரை பகுதி பகுதியாக வந்த அது 27 தொகுதிகளாக விரிந்தது. பல்துறை அறிஞர் அதில் எழுதினர். ஆனால், அச்சிடும் காகிதத்தின் மீதும் அந்நாளில் எடைக்கேற்ப வரி இருந்தது. ஓவியத்தாள் ஆயினும் ஏழை படிக்கும் தாள் ஆயினும் வரி ஒன்றே. ஆகவே மலிவான நூலின் மீதே அதன் சுமை மிகுதியாக அழுந்தியது. நூலை இடையில் நிறுத்தியிருப்பின் நைட் தம் பொருளைக் காத்திருக்கலாம். தொடங்கியதை முடித்தலே முறை என்று கருதி, இழப்பைத் தாமே ஏற்று அதனை நிறைவேற்றினார்.

பின்னர் அவர் வாளா இருந்திலர். காகித வரி அறிவின்மீது விதிக்கும் வரியே என்பதனைத் தம் கணக்குகளைச் சான்றாகக் காட்டி நூல்கள் எழுதி விளக்கினார். அவரும் பிறரும் பல்லாண்டு முயன்றதன் பயனாக, 1855ஆம் ஆண்டில் முத்திரை வரியும், 1861ஆம் ஆண்டில் காகித வரியும் நீங்கின. அப்பொழுது நைட்டுக்கு வயது 70. இழந்த செல்வம் மீளவில்லை. ஆயினும் தமக்குப் பின் வருவோர்க்கு வழி திறந்ததைக் கண்ணாரக் கண்டார்.

1873ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் இயற்கை எய்தினார். அவர் பிறந்த வின்சர் நகரமே அவர் உடலை ஏற்றுக்கொண்டது. குறைந்த விலைக்கு உயர்ந்த பொருளைத் தருதல் இயலும் என்று காட்டியதே நைட் உலகிற்கு விட்டுச் சென்ற செல்வம் ஆகும்.